முதல் மடலில் வரும் ‘நாம்’ யார்?

எந்த நிறுவனத்தையும் சாராமல் எழுதுகிறவர் தம் செய்திமடலைப் புதிய வாசகருக்கு அறிமுகப்படுத்தும் பத்திகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்திருக்கின்றன. பெயர், படிப்பு, பார்த்த வேலை, விருப்பமான பொருள்கள், வாரம் ஒரு மடல் என்னும் உறுதிமொழி, இறுதியில் ‘நாம் சேர்ந்து பயணிப்போம்’ என்னும் அழைப்பு. அந்த ‘நாம்’ யார் யாரைக் குறிக்கிறது என்பதை மட்டும் எழுதியவர் யோசித்திருப்பதில்லை. மின்னஞ்சல் முகவரியைத் தரப்போகும் அந்நியருக்கோ அதுவே முதன்மையான கேள்வி. ‘இவர் என்னை நோக்கிப் பேசுகிறாரா, என்னைப் பற்றிப் பிறரிடம் பேசுகிறாரா?’

சப்ஸ்டாக் தளம் 2017இல் வந்தது. தனி ஒருவர் தம் எழுத்தைத் தாமே அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டிய நெருக்கடி அதற்கும் நெடுங்காலம் முந்தையது. அந்த நெருக்கடியின் கூர்மையான இந்திய எடுத்துக்காட்டு 1920 ஜனவரி 31 அன்று பம்பாயில் வெளிவந்த ‘மூக்நாயக்’ என்னும் மராத்தி இதழ். குரலற்றவர்களின் தலைவன் என்பது பெயரின் பொருள். கூச்சத்தை விட்டுப் பேசத் துணிவது பற்றிய துக்காராமின் அபங்க வரிகள் அதன் முகப்பில் இடம்பெற்றன. அவ்விதழின் அறிவிப்பைக் கட்டண விளம்பரமாக வெளியிடவும் அன்றைய செல்வாக்கு மிக்க ‘கேசரி’ மறுத்துவிட்டது. புதிய இதழ் ஒன்று பிறக்கிறது என்ற செய்தி கூட, ஏற்கெனவே வாசகரைக் கொண்டிருந்த இதழின் வாசலைத் தாண்ட முடியவில்லை. இன்று பரிந்துரைப் பட்டியல்களிலும் நெறிநிரல்களிலும் பெயர் வராத எழுத்தாளரின் நிலை இதனோடு முழுதும் ஒத்ததன்று. சாதியின் பெயரால் அடைக்கப்பட்ட கதவுக்கும் கவனக்குறைவால் திறக்கப்படாத கதவுக்கும் வேறுபாடு உண்டு. எனினும், அறிமுகம் செய்துவைக்க எவரும் முன்வராதபோது தன் முதல் பத்தியே தனக்குத் துணை என்பது இருவருக்கும் பொது.

‘மூக்நாயக்’கின் அந்த முதல் பத்தியின் தலைப்பு ‘மனோகத்’, அதாவது மனத்தில் உள்ளது. எழுதியவர் அம்பேத்கர். அப்போது அவர் சிடென்ஹாம் கல்லூரியில் பேராசிரியர். இதழின் ஆசிரியராக அறிவிக்கப்பட்டவர் பாண்டுரங்க பட்கர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய ஒருவர், தம் படிப்பையும் தகுதியையும் முன்னிறுத்தாமல் ஓர் இதழை அறிமுகம் செய்கிறார். அந்த எழுத்தின் முழுக் கவனமும் இரண்டு கேள்விகளில் குவிந்திருக்கிறது. இவ்விதழ் ஏன் தேவைப்படுகிறது? யார் இதைப் படிக்க வேண்டும்?

முதல் கேள்விக்கான விடையாக அவர் ஒரு கோபுரத்தைக் காட்டுகிறார். இந்துச் சமூகம் பல அடுக்குகள் கொண்ட கோபுரம். ஒவ்வொரு சாதியும் ஓர் அடுக்கு. ஏறவோ இறங்கவோ படிக்கட்டு இல்லை. பிறந்த அடுக்கிலேயே இறக்க வேண்டும். ஏற்கெனவே வரும் இதழ்கள் பல தத்தம் அடுக்கின் நலனையே பேசுகின்றன; ஆகவே கீழ் அடுக்கில் உள்ளோர்க்குத் தனி இதழ் வேண்டும் என்பது அதன் கருத்து. இரண்டாம் கேள்விக்கு வரும்போது உவமை மாறுகிறது. கப்பலில் செல்லும் ஒருவன் அடுத்தவனின் அறையில் துளையிட்டால், கப்பலோடு சேர்ந்து அவனும் மூழ்குவான். கோபுரம் மக்களைப் பிரித்துக் காட்டுகிறது. கப்பல் அவர்களை ஒரே விதியில் பிணைக்கிறது. கப்பலைப் பற்றிய எச்சரிக்கை, பிறர் நலனைக் கெடுத்துத் தம் சாதியின் நலன் பேணும் இதழ்களை நோக்கியது. ஆக, அந்த அறிமுகம் தன் மக்களோடு மட்டும் பேசி நின்றுவிடவில்லை. எதிரே நிற்பவரையும் வாசகராகக் கொண்டு, அவர் கேட்க விரும்பாததை அவரிடமே சொல்கிறது.

இவ்விடத்தில் மொழியியலின் எளிய உண்மை ஒன்று உதவும். தமிழில் ‘நாம்’ கேட்பவரையும் உள்ளடக்கும். ‘நாங்கள்’ அவரை வெளியே நிறுத்தும். மராத்தியிலும் இந்த வேறுபாடு உண்டு: ‘ஆபண்’ உள்ளடக்குவது, ‘ஆம்ஹீ’ விலக்குவது. குஜராத்தியில் ‘ஆபணே’, ‘அமே’. இந்தியின் ‘ஹம்’, ஆங்கிலத்தின் ‘வீ’ ஆகியவற்றில் இப்பிரிவினை இல்லை. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் ‘வீ’ என்று எழுதிவிட்டு, வாசகர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்பதைச் சொல்லாமலே கடந்துவிடலாம். தமிழிலும் மராத்தியிலும் எழுதுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு வாக்கியத்திலும் இலக்கணமே அவரைத் தேர்ந்தெடுக்க வைக்கிறது. கோபுரத்தைச் சொல்லத் தேவைப்படுவது ‘நாங்கள்’ என்னும் பார்வை. கப்பலைச் சொல்ல ‘நாம்’ வேண்டும். நேர்மையான அறிமுகத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு. ‘நாங்கள்’ இல்லாத ‘நாம்’ வேறுபாடுகளை மறைக்கும். ‘நாம்’ இல்லாத ‘நாங்கள்’ புதியவரை வாசலிலேயே திருப்பி அனுப்பும்.

பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு மற்றோர் அறிமுகம். 1933 பிப்ரவரி 11 அன்று புனேயிலிருந்து ‘ஹரிஜன்’ ஆங்கில வார இதழின் முதல் இதழ் வெளிவந்தது. அதைத் தொடங்கிய காந்தி அப்போது எரவாடா சிறையில் இருந்தார். முதல் இதழுக்காக அம்பேத்கரிடம் ஒரு செய்தி கேட்டார். வாழ்த்துச் செய்தி தர அம்பேத்கர் உடன்படவில்லை; சாதி அமைப்பு அழியாமல் தீண்டத்தகாதோருக்கு விடுதலை இல்லை என்ற தம் கருத்தை மட்டும் எழுதி அனுப்பினார். அதை முதல் இதழிலேயே வெளியிட்டு, தம் மாறுபாட்டையும் காந்தி உடன் எழுதினார். அந்த விவாதத்தில் யார் பக்கம் நியாயம் இருந்தது என்பது தனியே பேச வேண்டியது. அறிமுகம் என்ற வகையில் மட்டும் நோக்கினால், பாராட்டுரைகளால் தொடங்கியிருக்கக்கூடிய ஓர் இதழ் தன் அடிப்படையையே மறுக்கும் குரலையும் முதல் நாளில் வாசகரிடம் சேர்த்தது. இன்றைய செய்திமடல்களின் முகப்பில் அடுக்கப்படும் புகழுரைகளின் அருகே இதை வைத்துப் பார்ப்பது பயனுடையது.

அறிமுகம் ஒரு வாக்குறுதியும் ஆகும். வாக்குறுதிகள் முறிவதும் உண்டு. ‘மூக்நாயக்’ தொடங்கிய ஆண்டிலேயே அம்பேத்கர் படிப்பைத் தொடர லண்டன் சென்றார். இதழ் 1923இல் நின்றுபோனது. 1927 ஏப்ரலில் ‘பகிஷ்கிருத் பாரத்’ வந்தது. அதன் பெரும்பகுதியை அவரே எழுதினார். பணமும் துணையும் இன்றி 1929இல் அதுவும் நின்றது. 1930இல் ‘ஜனதா’ தொடங்கியது. 1956இல் அதன் பெயர் ‘பிரபுத்த பாரத்’ ஆயிற்று. இதழ்களின் பெயர்கள் மாறின, இடைவெளிகள் விழுந்தன. யாருக்காக எழுதுவது என்ற விடை மட்டும் மாறவில்லை. வாரந்தோறும் வருவேன் என்ற உறுதியை உடல்நலமும் வறுமையும் வேலையும் குலைத்துவிடலாம். வாசகர் அதைப் பொறுத்துக்கொள்வார். யாரோடு நிற்கிறேன் என்று சொன்னதைக் குலைத்தால் பொறுக்கமாட்டார்.

இன்று ஒரு செய்திமடலைத் தொடங்க அச்சகம் வேண்டாம், முதலீடு வேண்டாம், பெரிய இதழின் அனுமதி வேண்டாம். கருவி எளிதானதால் அறிமுகமும் எளிதாகிவிட்டதாகத் தோன்றுகிறது. முதல் மடலை எழுதும் இளைஞர், தம் பட்டங்களை வரிசைப்படுத்துமுன், மூன்று வாக்கியங்களை எழுதிப் பார்க்கலாம்: இது யாருக்காக, இதில் எவற்றை எழுதப்போவதில்லை, இதனோடு உடன்படாதவருக்கு இங்கே என்ன இடம். இவை எழுதி முடிந்தபின் அழைப்பில் ‘நாம்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினால், அதை வாசிக்கும் அந்நியர் தம் பெயரும் அதற்குள் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வார்.