ஏடும் வீடும்

ஊரார் என்னைப் படித்தவன் என்பர். கலைப்பட்டம் பெற்றவன், பள்ளியிலே பாடம் நடத்துபவன், தோளிலே தொங்கும் பையிலே எப்போதும் ஒரு நூலைச் சுமந்து திரிபவன், ஆகவே படித்தவன்! நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணினேன், இறுமாந்தேன். அந்த இறுமாப்பு ஒருநாள் இடிந்து விழுந்தது. இடித்தவர் பாவலரல்லர், நாத்தழும்பேறிய பேச்சாளருமல்லர். எழுத்தறியாத என் தாய்!

தோழர்காள்! நான் படித்த நூல்களைப் பற்றிச் சொல்லவே எழுதுகோலை எடுத்தேன். ஆனால் அந்த நூல்களைப் பற்றிச் சொல்வதென்றால் அந்தத் தாயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏன் என்பது போகப் போக விளங்கும்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்திலே நான் முதன்முதல் நுழைந்தபோது எனக்கு 10 வயது. ஓட்டுக் கட்டடம். நான்கு அலமாரி. ஆடுகின்ற பெஞ்சு இரண்டு. அவ்வளவுதான் அந்த அறிவு மாளிகை! ஆயினும் அது மாளிகைதான். வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனின் செவியிலே ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று கௌதம தரும சூத்திரம் எழுதி வைத்த நாடல்லவா இது! அந்த நாட்டிலே, உழவன் வீட்டுப் பிள்ளையான நான், எந்த நூலையும் எடுக்கலாம், எடுத்ததைப் படிக்கலாம் என்ற உரிமையோடு கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தேன். 1948-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்திலே பொது நூலகச் சட்டம் பிறந்தது. விடுதலை பெற்ற இந்தியாவிலே முதலாவதாக வந்த நூலகச் சட்டம் அதுவே. வீட்டு வரியோடு நூலக வரியையும் தண்டி, அந்தப் பணத்தைக் கொண்டு நூலகங்களை நடத்த வழி வகுத்தது அச்சட்டம்.

எங்கள் வீட்டுக்கான அந்த வரியை ஆண்டுதோறும் ஊராட்சி அலுவலகம் சென்று கட்டி வந்தவள் அம்மா. இரசீதை முந்தானையிலே முடிந்துகொண்டு வருவாள். அதிலே என்ன எழுதியிருக்கிறது என்பதை அவள் அறியாள். நூலக வரியும் சேர்த்துக் கட்டினாள். நூலகத்தின் வாயிற்படியை மிதித்தாளில்லை! 10 வயதுப் பிள்ளைக்கு இது தோன்றாதது குற்றமல்ல. 20 வயதிலும் தோன்றவில்லையே, அதுவன்றோ குற்றம்!

அப்பா இயக்கத்துக்காரர். மாநாடு என்ற சொல் காதில் விழுந்தால் போதும், கருஞ்சட்டையை மாட்டிக்கொண்டு மஞ்சள் பையோடு புறப்பட்டுவிடுவார். திரும்பும்போது பையிலே மாற்று வேட்டி இருக்கிறதோ இல்லையோ, நூல் இருக்கும். எனக்கு 17 வயதானபோது அவர் தந்த நூல் பகத்சிங்கின் 'நான் ஏன் நாத்திகன்?' 1930-ஆம் ஆண்டு இலாகூர்ச் சிறையிலே அந்த இளைஞன் எழுதியது. தோழர் ப. ஜீவானந்தம் தமிழாக்க, பெரியாரின் ஏற்பாட்டிலே 1935-ஆம் ஆண்டு அச்சேறியது. வெள்ளையர் ஆட்சி அதைக் கண்டு வெகுண்டது, வழக்குத் தொடுத்தது, மொழிபெயர்த்தவரைக் கைது செய்தது. சிறு நூலுக்கு அத்தனை சினம்!

அந்த நூலிலே என்னைத் தைத்தது கடவுள் மறுப்பு வாதங்கள் அல்ல. அவற்றை அப்பா வாயிலாகவே கேட்டுப் பழகியிருந்தேன். தைத்தது வேறொன்று. தூக்குமேடையின் நிழலிலே நிற்கும் 23 வயது இளைஞன், கடவுள் நம்பிக்கை தனக்கு ஆறுதல் தரக்கூடும் என்பதை அறிந்திருக்கிறான், ஒப்புக்கொள்கிறான். ஒப்புக்கொண்ட பின்னும் அந்த ஆறுதல் வேண்டாமென்று ஒதுக்குகிறான். பொய்யென்று தெரிந்ததைத் துன்பம் வந்த நேரத்திலும் தொடேன் என்கிறான். என்ன நெஞ்சுரம்!

படித்து முடித்த நான் என்ன செய்தேன்? தேநீர்க் கடையிலே வாதிட்டேன். கோயில் திண்ணையிலே வாதிட்டேன். எதிர்வீட்டுப் பெரியவரைத் திணறடித்தேன். தற்பெருமையினால்தான் நாத்திகனானான் என்ற பழியை மறுப்பதற்காகவே பகத்சிங் அந்நூலை எழுதினான். அதைப் படித்த நானோ, அதனாலேயே தற்பெருமை கொண்டேன்! மருந்தை உண்டு நோயை வரவழைத்துக்கொண்டவன் நான்.

கல்லூரி விடுமுறையிலே கையிலெடுத்தது பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' கற்பு, காதல், மறுமணம், சொத்துரிமை, கர்ப்பத்தடை என்று ஒவ்வொரு தலைப்பாக எடுத்து, உரித்து, உள்ளிருப்பதைக் காட்டிவிட்டு நகர்கிறார் கிழவர். அலங்காரமில்லை, அடுக்குமொழியில்லை, கடைக்காரர் கணக்குப் பார்ப்பதுபோல் கேள்வி கேட்கிறார். 'வள்ளுவரும் கற்பும்' என்றொரு பகுதி. குறளுக்காக மாநாடே கூட்டிய பெரியார், அந்த வள்ளுவரையும் நிறுத்திவைத்து, பெண்ணுக்கு ஏன் இந்த ஓரவஞ்சனை என்று வினவுகிறார். நமக்கு உவப்பானவர் சொன்னது என்பதற்காக எதையும் விட்டுவிடாதே என்ற பாடத்தை நான் கற்றது அங்கேதான். பெண்ணுக்கு விடுதலையை ஆண்கள் கொண்டுவந்து தருவர் என்று நம்பாதீர் என்று அவர் எச்சரிக்கும் இறுதிப் பகுதியை நடுக்கூடத்திலே அமர்ந்து படித்துக்கொண்டிருந்தேன். உச்சி வேளை. அடுக்களையிலிருந்து அம்மா வந்தாள்.

"என்னப்பா, பசிகூடத் தெரியாம அப்படி என்ன படிக்கிறே?"

"பெண்கள் விடுதலையைப் பத்தி, அம்மா."

"நல்ல சேதிதான். எழுந்து வா, சோறு ஆறிப் போவுது."

எழுந்தேன். உண்டேன். தட்டிலேயே கை கழுவினேன். தட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்து, நிறுத்திய வரியிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினேன். அம்மா தட்டை எடுத்துப் போனாள்.

தோழர்காள், சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அன்று எனக்குச் சிரிப்பும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. அந்த நூலிலே அடிக்கோடிட்ட வரிகள் ஏராளம். அடிக்கோடிட்ட கை, அன்று வரை ஒரு தட்டைக் கழுவியதில்லை.

ஆசிரியரான பின் புரட்சிக்கவிஞரின் 'குடும்ப விளக்கு', 'இருண்ட வீடு' இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தேன். முன்னதன் முதற்பகுதி 1942-லும் பின்னது 1944-லும் வெளிவந்தவை. கல்வி இல்லாத வீடு எப்படிக் கெடும் என்று காட்டிச் சிரிக்க வைக்கிறது ஒன்று. கற்ற பெண்ணால் வீடு எப்படிப் பொலியும் என்று காட்டி மகிழ வைக்கிறது மற்றொன்று. தமிழின் இனிமை சொல்லி முடியாது. பொழுது புலருமுன் எழுகிறாள் தலைவி. கோலமிடுகிறாள், யாழிசைக்கிறாள், பிள்ளைகளைப் பேணுகிறாள், கணவனின் கடைக்கணக்கையும் கவனிக்கிறாள். இரவிலே, இன்று தமிழர்க்கென நாம் என்ன செய்தோம் என்று கவலையும் படுகிறாள். பெண்ணுக்குக் கல்வியே வேண்டாமென்று பலர் பேசிய காலத்திலே, கடையையும் நாட்டையும் பற்றிப் பேசும் பெண்ணைக் காவியத் தலைவியாக்கியது கவிஞரின் பெருந்துணிவு. மறுப்பாரில்லை.

ஆனால், வள்ளுவரையே வினவலாம் என்று கற்றவனுக்கு ஓர் ஐயம் எழுந்தது. அந்த வீட்டிலே விளக்கு எரிகிறது, வெளிச்சம் பரவுகிறது, சரி. விளக்குக்கு ஓய்வு எப்போது? கற்காத பெண்ணுக்கும் அத்தனை வேலை. கற்ற பெண்ணுக்கும் அத்தனை வேலை, அதற்கு மேல் கடைக்கணக்கும் நாட்டுக்கவலையும் என்றால், கல்வி அவள் சுமையைக் குறைத்ததா, கூட்டியதா? இதைக் கேட்பது கவிஞருக்கு இழுக்கன்று. அவர் 1942-இலே ஏற்றி வைத்த வெளிச்சத்திலே நின்றுதான் இந்தக் கேள்வியைக் கேட்க முடிகிறது.

இப்படி நூலிலுள்ள தலைவிக்காக உருகிய நான், வீட்டிலுள்ள தலைவியைப் பார்த்தேனா? பார்க்க வைத்தது ஒரு முகாம். 2023-ஆம் ஆண்டு, மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பங்கள் பெற்றுக்கொண்டிருந்தனர். பெண்ணின் உழைப்புக்கு மதிப்பளித்து மாதம் 1,000 ரூபாய். அதுவும் உதவி என்றல்ல, உரிமை என்ற பெயரிலே! மகிழ்ச்சியோடு அம்மாவை அழைத்துச் சென்றேன். படிவத்தை அழகான கையெழுத்திலே நானே நிரப்பினேன். மேசையருகே இருந்த பெண், "கையெழுத்துப் போடுவீங்களாம்மா?" என்று கேட்டார்.

அம்மா கூச்சத்தோடு கட்டை விரலை நீட்டினாள். நீட்டிக்கொண்டே, பெருமை பொங்கச் சொன்னாள்: "எனக்குக் கைநாட்டுத்தான். எம்மவன் வாத்தியாரு!"

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? ஊரார் பிள்ளைகளுக்கு அகரம் கற்பிப்பவன். பெற்றவளின் விரலிலே மை! அம்மா அந்த மையை முந்தானையிலே துடைத்துக்கொண்டாள். எனக்கோ அது இன்னும் துடைபடவில்லை.

அன்றிரவு அலமாரியிலே நான் தேடி எடுத்தது மாக்சிம் கார்க்கியின் 'தாய்', ரகுநாதனின் தமிழாக்கம். கல்லூரியிலே படித்தபோது அதை மகனின் கதையாகவே படித்திருந்தேன். பாவெல் விலாசவின் துணிவு, மே நாள் ஊர்வலம், நீதிமன்றத்திலே அவன் நிகழ்த்தும் முழக்கம், இவையே நினைவிலிருந்தன. இப்போது படித்தபோது நூலின் பெயர் ஏன் 'தாய்' என்பது விளங்கிற்று. குடிகாரக் கணவனிடம் அடிபட்டே பாதி வாழ்வைக் கழித்தவள் நீலவ்னா. 40 வயதிலே எழுத்துக் கற்கத் தொடங்குகிறாள். வெட்கப்படுகிறாள், அழுகிறாள், மற்றவர் கண்ணுக்கு மறைத்துக் கற்கிறாள். உணவுக் கூடையோடு ஆலைக்குள் சென்று துண்டறிக்கைகளைச் சேர்ப்பிக்கிறாள். கடைசியிலே, மகனின் முழக்கத்தை அச்சிட்ட தாள்களைப் பெட்டியிலே சுமந்து புகைவண்டி நிலையத்திலே நிற்பவள் அவள்தான்.

மறுநாள் அம்மாவை அமர வைத்து அந்தக் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். அந்தத் தாய் எழுத்துக் கற்ற இடம் வந்ததும் கை நின்றது.

"யாரு சொல்லிக் கொடுத்தா? மவனா?"

"இல்லை அம்மா. மகனின் தோழன், அந்திரேய்."

"மவனுக்கு நேரமில்லையோ?"

குத்திக் கேட்டாளில்லை, உள்ளபடியே அறிய விரும்பிக் கேட்டாள். நூலைப் பற்றி அறிஞர் எழுதிய ஆய்வுரைகள் சிலவற்றைப் படித்திருக்கிறேன்; இந்தக் கேள்வியை அவற்றுள் நான் கண்டதில்லை. பாவெலுக்கு என்ன விடை உண்டோ, நானறியேன். எனக்கு விடையில்லை. உண்மை என்னவென்றால், நேரமிருந்தது. பெண் விடுதலை பற்றிப் படிக்க நேரமிருந்தது, பேச நேரமிருந்தது, அவற்றைப் பற்றி எதிர்வீட்டாரோடு சண்டையிடவும் நேரமிருந்தது!

அன்று மாலையே தொடங்கினோம். பள்ளிச் சிறுவருக்குக் கற்பிப்பது போலத் தொடங்கித் தோற்றேன். 'அணில்', 'ஆடு' என்றால் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவளுக்கு வேண்டியவற்றிலிருந்து தொடங்கினேன்: அவள் பெயர், பேருந்தின் முகப்பிலே எழுதியுள்ள ஊர்ப்பெயர், நியாயவிலைக் கடைப் பலகை, அந்த வரி இரசீது. 1990-களிலே புதுக்கோட்டையிலே அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தைக் கற்றுத் தந்ததோடு மிதிவண்டியும் ஓட்டக் கற்றுத் தந்த சிறப்பு அப்போதுதான் எனக்கு முழுதும் புரிந்தது. வாழ்விலே நடமாடப் பயன்படும் எழுத்தே மனத்திலே தங்கும்.

மாலையிலே அவளுக்கு ஒருமணி நேரம் வேண்டுமென்றால் அடுக்களையிலே அந்த ஒருமணி நேரம் வேறொருவர் நிற்க வேண்டுமல்லவா? நான் நின்றேன். அப்பா முதலிலே முணுமுணுத்தார். பிறகு ஒருநாள் தம் தட்டைத் தாமே எடுத்துச் சென்று கழுவினார். சில நாள் மறந்தும் விடுகிறார். 40 ஆண்டுப் பழக்கம். மாநாட்டுத் தீர்மானம் போல் ஒரே நாளிலே நிறைவேறிவிடுமா?

தோழர்காள்! உங்கள் அலமாரியிலும் இந்த நூல்கள் இருக்கும். என்னைவிடக் கூடுதலாகவே படித்திருப்பீர்கள். படியுங்கள், இன்னும் படியுங்கள். ஆனால் ஒரு நூலை மூடி வைக்குமுன் அடுக்களைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அங்கே நிற்பவர் அந்த நூலின் பெயரையேனும் படிப்பாரா? படிக்க அவருக்குப் பொழுது உண்டா? இல்லையென்றால், அந்த நூலை நாம் இன்னும் படித்து முடிக்கவில்லை.

அம்மா இன்னும் ஒரு முழு நூலைப் படித்ததில்லை. எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிக்கிறாள். அவள் தானாகப் படித்த முதல் நூற்பெயர் மேசை மீது கிடந்த கார்க்கியின் நூலினுடையது. இரண்டே எழுத்து, எளிதாகப் படித்துவிட்டாள்.

சென்ற மாதம் அவளைக் கிளை நூலகத்துக்கு அழைத்துச் சென்றேன். உறுப்பினர் படிவத்தை அவளே வாங்கி, எழுத்தெழுத்தாகக் கையெழுத்திட்டாள். இத்தனை ஆண்டு வரி கட்டியவள், அன்றுதான் வாயிற்படியை மிதித்தாள்.