ஆறு மணிக் குருவி வந்தாச்சா?

இந்த முறை சுவர் இதழுக்கு ‘மழைக்காலம்’ என்று தலைப்பு கொடுத்திருக்காங்க. குடை, காகிதக் கப்பல், லீவு விடுவாங்களா மாட்டாங்களா, இதையெல்லாம் எழுத நம்ம வகுப்பிலேயே நிறையப் பேர் இருக்காங்க. அதனால நான் எங்க வீட்டுக் கொல்லையில நடக்கிற பேச்சை எழுதறேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும். மன்னிக்கவும்.

எங்க ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். எங்க கொல்லைக்கும் பக்கத்து வீட்டுக் கொல்லைக்கும் நடுவுல கிளுவை வேலி. அதுல ஒரு இடத்துல கிளுவை பட்டுப்போய், ஒரு ஆள் நிக்கற அளவுக்குச் சந்து இருக்கு. அதை யாரும் அடைக்கறதே இல்லை. ஏன்னா சாயங்காலம் ஆனா அங்கதான் மாநாடு. அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் தாத்தா. இந்தப் பக்கம் எங்க அப்பாயி. அப்புறம் வாய்க்கால் தாண்டி வர்ற சித்தி. (சொந்தச் சித்தி இல்லை, முறைக்குச் சித்தி.) மூணு பேருக்கும் தோட்டப் பைத்தியம். தாத்தா அப்பாயியைத் ‘தங்கச்சி’ன்னு கூப்பிடுவார். அப்பாயிக்கு அவர் ‘அண்ணன்’.

பேச்சு எப்பவும் வானத்துலதான் ஆரம்பிக்கும். சித்தி போனைப் பார்த்து, “நாளைக்கு எண்பது பர்சன்ட் மழைன்னு போட்டிருக்கு அத்தை” என்பாங்க. அப்பாயி போனைப் பார்க்காது, எறும்பைத்தான் பார்க்கும். முட்டையைத் தூக்கிக்கிட்டுத் திண்ணை மேல ஏறுதான்னு. தாத்தா தும்பி எவ்வளவு உயரத்துல பறக்குதுன்னு பார்ப்பார். மூணு பேரும் மூணு விதமாச் சொல்லுவாங்க. நான் கணக்கு வெச்சுப் பார்த்ததுல மூணு பேருக்கும் ஏறக்குறைய ஒரே மார்க்குதான்!

அடுத்தது செடி.

“அண்ணே, அவரையில பூ வைக்குது, வெச்சதெல்லாம் கொட்டுது.”

“நாலு நாளா மூட்டமா இருக்கு இல்ல தங்கச்சி. இலையைத் திருப்பிப் பாரு, அசுவினி இருக்கும். எறும்பு ஏறுதா?”

“சாரை சாரையா ஏறுது.”

“அப்ப அதேதான்.”

அசுவினி செடிச் சாறைக் குடிச்சுட்டு இனிப்பா ஒரு நீரை விடும். அதைத் தின்னத்தான் எறும்பு வருது. இதை நான் பாடப் புத்தகத்துல படிக்கலை, இந்தச் சந்துலதான் படிச்சேன். மருந்து என்ன தெரியுமா? அடுப்புச் சாம்பல். விடியற்காலையில பனி ஈரம் இருக்கும்போதே தூவணும், அப்பதான் இலையில ஒட்டும். எங்க வீட்டுல கேஸ் அடுப்பு. அதனால சாம்பலுக்கு வாளியோட சித்தி வீட்டு வெந்நீர் அடுப்புக்குப் போறது என் வேலை. புடலைப் பிஞ்சு வளையாம இருக்கக் கல்லு கட்டுறதும் என் வேலைதான். ஒரு தடவை பெரிய கல்லாக் கட்டி, பிஞ்சு அறுந்து விழுந்தது. அதைப் பத்தி இங்க வேண்டாம்.

இப்ப தலைப்புக்கு வர்றேன். ஐப்பசி நெருங்கிட்டா வானம், செடி எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு கேள்வி வரும். “ஆறு மணி வந்தாச்சா?”

ஆறு மணின்னா கடிகாரம் இல்லை, குருவி. ஆறுமணிக் குருவி. காலையில ஆறு மணி வாக்கிலயும் சாயங்காலம் ஆறு மணி வாக்கிலயும் கூப்பிடும். ரெண்டு சுரத்துல தெளிவான விசில். யாரோ நம்மளைக் கூப்பிடற மாதிரியே இருக்கும். மைனாவை விடக் கொஞ்சம் சின்னது. வால் இருக்கான்னு தேடணும். முதுகு பச்சை, கண்ணு வழியாக் கறுப்புப் பட்டை, தொண்டை வெள்ளை, மார்பு வெளிர்பழுப்பு, அடிவயிறு சிவப்பு, றெக்கையில பளிச்சுனு நீலம். இந்தியில இதை ‘நவ்ரங்’, அதாவது ஒன்பது நிறம் என்கிறாங்க. இவ்வளவு நிறம் இருந்தும் கண்ணுல படவே படாது. நிழலான இடத்துல, தரையில, சருகைப் புரட்டிப் புரட்டிப் புழு பூச்சியைத் தின்னுக்கிட்டு இருக்கும். ‘தோட்டக்கள்ளன்’னும் பேர் இருக்கு. பொருத்தமான பேர்.

அது நம்ம ஊர்ல கூடு கட்டறது இல்லை. தென்மேற்குப் பருவமழை நேரத்துல இமயமலை அடிவாரத்துலயும் மத்திய இந்தியாவுலயும் குஞ்சு பொரிச்சுட்டு, அக்டோபர் வாக்கில தெற்கே வரும். சிலது இலங்கை வரைக்கும் போகும். ராத்திரியிலதான் பறக்கும். களைச்சுப் போய் வீட்டுக்குள்ளேயே வந்து விழறதும் உண்டு. ஏப்ரல், மே ஆனா திரும்பக் கிளம்பிடும். நமக்கு வடகிழக்குப் பருவமழை எப்படியோ, எங்க கொல்லைக்கு அது அப்படி.

தாத்தா அது வந்த தேதியை எல்லாம் மாட்டுக்கொட்டகைச் சுவத்துல கரிக்கட்டையால எழுதி வெச்சிருக்கார். கூடவே முதல் அவரைப்பூ, முதல் பெருமழை, பசு கன்னு போட்ட நாள். மாடு வித்து ரொம்ப வருஷம் ஆச்சு, சுவரு மட்டும் நிக்குது. ஒரு வகையில அதுவும் சுவர் இதழ்தான். ஆசிரியர் குழு ஒரே ஆள்!

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை கஜா புயல் வந்தது. அப்ப நான் நாலாவது படிச்சேன். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்து எங்க பக்கமா உள்ள வந்தது. ராத்திரி முழுக்க அப்பாயி என் காதைப் பொத்திப் படுக்க வெச்சிருந்தது. விடிஞ்சு கதவைத் திறந்தா கொல்லை முழுக்க ஒரே வெளிச்சம். அந்த வெளிச்சம்தான் எனக்குப் பயமா இருந்தது. எங்க முருங்கை முறிஞ்சு கிடந்தது. வாழை ஒண்ணும் இல்லை. தாத்தாவுக்குப் பதினோரு தென்னை. ஒன்பது சாஞ்சு போச்சு. அவங்க வீட்டு ஆத்தா கல்யாணமாகி வந்த வருஷம் வெச்ச மாமரம் வேரோட பெயர்ந்து, வேலி மேலேயே படுத்துக்கிட்டு இருந்தது. ஆத்தா இறந்து அப்ப ரெண்டு வருஷம்கூட ஆகலை.

கரண்ட் வர எங்க தெருவுக்கு 22 நாள் ஆச்சு. அதைவிட ஒண்ணு சொல்லணும். சத்தமே இல்லை. தவிட்டுக்குருவிக் கூட்டம் எந்நேரமும் சண்டை போட்டுக்கிட்டு இருக்கும், அதைக் காணோம். அக்டோபர்லயே வந்திருந்த ஆறுமணிக் குருவியையும் காணோம். சந்துல பேச்சும் இல்லை. தாத்தா கொல்லைப் பக்கமே வர்றதில்லை. வாசத் திண்ணையில உக்காந்து ரோட்டைப் பார்த்துக்கிட்டு இருப்பார். அப்பாயி குழம்பு கொடுத்தனுப்பினா வாங்கிக்குவார். “தோட்டம் எப்படி இருக்கு அண்ணே”ன்னு கேட்டா, “இருக்கு” என்பார். அவ்வளவுதான்.

சித்திதான் முதல்ல ஆரம்பிச்சாங்க. விழுந்த முருங்கைக் கிளையை வெட்டிப் போத்து நட்டாங்க. அப்பாயி எங்க கொல்லை மூலையில பூவரசம் போத்து நட்டது. பூவரசு குச்சியா வெச்சாலும் துளிர்த்துடும். அடுத்த மழைக்குள்ள மூலையில கொஞ்சம் நிழலும், நிழலுக்குக் கீழே கொஞ்சம் சருகும் சேர்ந்துடுச்சு.

2019 அக்டோபர். தேதி சுவத்துல இருக்கு, பதினொண்ணு. சாயங்காலம் அப்பாயி துணி எடுத்துக்கிட்டு இருந்தது. பூவரசு மூலையில விசில். அப்பாயி துணியை அப்படியே கொடியில போட்டுட்டுச் சந்துக்கு ஓடி, “அண்ணே! ஆறு மணி வந்தாச்சு! ஏ அண்ணே!”ன்னு கத்துச்சு. ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம் தாத்தா தோள்ல துண்டோட, செருப்புகூடப் போடாம வந்தார். பதினோரு மாசத்துக்கு அப்புறம் சந்துல நிக்கறார். குருவி இன்னொரு தடவை கூப்பிட்டுச்சு. அவர் ஒண்ணும் சொல்லலை. நேராக் கொட்டகைக்குப் போய்க் கரிக்கட்டையைத் தேடினார். மறுநாள் வந்து, “தங்கச்சி, கத்திரி நாத்து இருந்தா நாலு கொடு”ன்னு கேட்டார்.

அதுக்கப்புறம் தாத்தாவுக்குக் காது மந்தமாக ஆரம்பிச்சுது. கீச்சுக் குரல்தான் முதல்ல போகுமாம். நாம பேசினா கேக்கும், குருவி கூப்பிட்டாக் கேக்காது. அதனால 2020லேர்ந்து நான்தான் அவருக்குக் காது. தினமும் சந்துல வந்து நின்னு, “கூப்பிட்டுச்சாய்யா?” என்பார். நான் “ஆமாம் தாத்தா”ன்னு சொன்னா அன்னிக்கு ஒரு கோடு. எத்தனை நாள் இங்க இருந்ததுன்னு கணக்கு.

இனிமே எழுதறது எனக்குக் கஷ்டமான இடம்.

2022 போகி. முதல் வாரம்தான் கிணத்தடியில அப்பா ஒரு கட்டுவிரியனைப் பார்த்திருந்தார். அப்பாயி, “பின்வாசல்லேர்ந்து கிணறு வரைக்கும் பெருக்கி, குப்பையைக் கொளுத்துய்யா”ன்னு சொல்லுச்சு. எனக்கு உற்சாகம். கிணறு வரைக்கும் பெருக்கினவன் நிறுத்தாம மூலை வரைக்கும் பெருக்கினேன். பூவரசுக்குக் கீழே மூணு வருஷச் சருகு. மொத்தத்தையும் அள்ளி, பழைய பாயோட சேர்த்துக் கொளுத்தினேன். நல்லா எரிஞ்சுது. தரை பளிச்சுனு ஆச்சு. எல்லாரும் பாராட்டினாங்க.

அன்னிக்குச் சாயங்காலம் குருவி கூப்பிடலை. மறுநாளும் இல்லை.

தாத்தா வந்தார். “கூப்பிட்டுச்சாய்யா?” நான், “ஆமாம் தாத்தா” என்றேன். அவர் கோடு போட்டார். பொங்கலன்னிக்கும் அப்படியே. மாட்டுப் பொங்கலன்னிக்கும். மொத்தம் நாலு பொய்க் கோடு. அஞ்சாம் நாள் அவர் பளிச்சுனு இருந்த மூலையைப் பார்த்துட்டு, “சருகு எங்கய்யா?”ன்னு மட்டும்தான் கேட்டார். நான் அழுதுட்டேன். (ஏழாவதுதானே படிச்சேன், சிரிக்காதீங்க.)

திட்டுவார்னு நினைச்சேன். என்னைக் கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போனார். ஈரத்துணியைக் கொடுத்து நாலு கோட்டையும் என்னையே அழிக்கச் சொன்னார். “வராத அன்னிக்கு வரலைன்னு சொல்லு. அதுவும் கணக்குதான்” என்றார். அப்புறம் அவங்க கொல்லையிலேர்ந்து ரெண்டு கூடை மாஞ்சருகு கொண்டுவந்து எங்க மூலையில கொட்டினார். அதெப்படி மாஞ்சருகு என்கிறீங்களா? சாஞ்ச மாமரத்துக்குப் பதிலா ஒட்டுக்கன்னு வெச்சு அது வளர்ந்திருந்தது.

நான் கொளுத்தினதாலதான் குருவி போச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. பூனைகூடக் காரணமா இருக்கலாம். ஆனா சருகு இல்லைன்னா மண்புழுவும் பூச்சியும் இல்லை, அதுக்குச் சாப்பாடு இல்லை. அந்த ஏப்ரல் வரைக்கும் ஒரு கோடுகூட இல்லை. அக்டோபர்ல ஒண்ணு வந்தது. அதேதானா வேறயான்னு தெரியாது.

இந்த வருஷம் புதுப் பிரச்சினை. ஆடி மாசம் பெய்ஞ்ச ஒரு மழையில அப்பாயி கொல்லைச் சேத்துல வழுக்கி விழுந்துடுச்சு. கையில மாவுக்கட்டு. அப்பா, “கொல்லை பூரா சிமென்ட் போட்டுடறேன். பாம்பும் வராது, யாரும் விழவும் மாட்டாங்க”ன்னு கொத்தனாரையே கூட்டிட்டு வந்துட்டார். அப்பா சொல்றதுல நியாயம் இல்லைன்னு என்னால சொல்ல முடியலை. கட்டோட அப்பாயி படற பாட்டை நான்தானே பார்த்தேன்.

அன்னிக்குச் சந்துல பெரிய மாநாடு. சித்தி, “மூலையை விட்டுடச் சொல்லுங்க அத்தை” என்றாங்க. தாத்தா ஒண்ணும் பேசலை. அடுத்த வீட்டு விஷயம். கடைசியில அப்பாயி கட்டுப் போட்ட கையை நீட்டிக் கொத்தனாருக்கே அளவு காட்டுச்சு. “பின்வாசப் படியிலேர்ந்து கிணத்தடி, கிணத்தடியிலேர்ந்து கக்கூஸ். அதுக்கு மேல ஒரு சட்டி சிமென்ட் விழக்கூடாது. நான் நடக்கற இடம் அவ்வளவுதான்.” அப்பா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

இப்ப பாதை போட்டாச்சு. மூலையில சருகு முழங்கால் உயரம் கிடக்கு. அந்தப் பக்கம் போகும்போது செருப்பு, கையில டார்ச், ஒரு குச்சி. இது அப்பாவோட சட்டம், நானும் மீறறதில்லை. சிரட்டையில, டப்பாவுல தண்ணி நிக்காமக் கவிழ்த்து வைக்கறதும் என் பொறுப்பு.

இதை எழுதற இன்னிக்கு அக்டோபர் 10. இன்னும் வரலை. நேத்து தாத்தா கேட்டார், “இல்லை தாத்தா”ன்னு சொன்னேன். தலையாட்டிட்டுப் போனார்.

நம்ம பள்ளிக்கு இருபது ஊர்லேர்ந்து பிள்ளைங்க வர்றாங்க. உங்க வீட்டுக் கொல்லையில ஆறு மணி வாக்கில அந்த ரெட்டை விசில் கேட்டா, இந்தத் தாளுக்குக் கீழே நான் கோடு போட்டு விட்டிருக்கிற காலி இடத்துல தேதியும் ஊர் பேரும் எழுதுங்க. காது கொடுத்துக் கேட்டும் வரலைன்னா அதையும் எழுதுங்க. வெள்ளிக்கிழமை தோறும் தாத்தாகிட்ட படிச்சுக் காட்டறதா சொல்லியிருக்கேன். பென்சில் நூல்ல கட்டித் தொங்குது, தயவுசெய்து எடுத்துட்டுப் போயிடாதீங்க.