லாரி தானா பிரேக் போடணும், ஏன்?

திருவான்மியூர் தாண்டி ஈசிஆர்ல ராத்திரி உங்க கார் பஞ்சர். ஓரமா நிறுத்தியிருக்கீங்க. பின்னாடி 80 கிமீ வேகத்துல லாரி.

டிரைவர் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி. அதுக்குள்ள 33 மீட்டர் ஓடிடும். கண் அசந்தா பிரேக்கே கிடையாது.

தானியங்கி அவசர பிரேக் இருந்தா, ரேடார், கேமரா மூலமா நிற்கிற வண்டியைக் கண்டு முதல்ல எச்சரிக்கும். அவர் அசையலைன்னா தானே பிரேக் போடும். வேகம் 40 ஆகக் குறைஞ்சாலே மோதும் ஆற்றல் கால்வாசிதான். பிழைக்கிறதும் பிழைக்காததும் பல நேரம் அதுலதான் இருக்கு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 நவம்பர் முதல் பெரும்பாலான புது கனரக லாரிகளில் இது கட்டாயம். நம்ம நாட்டில் வரைவு விதி வந்ததே 2025 மார்ச்சில். அதுவும் புது வண்டிகளுக்கு. ரோட்டுல ஏற்கெனவே ஓடுற லாரிகளில் எதிர்பார்க்காதீங்க.

அதனால நாலு இண்டிகேட்டரும் போடுங்க. காருக்குள்ள உட்காராதீங்க, ரோட்டை விட்டுத் தள்ளி நில்லுங்க.