கிழக்கே ஏரி

எவன்ஸ்டனில் திசை தெரியாமல் யாரும் நிற்க மாட்டார்கள். அங்கே ஏரிதான் கிழக்கு. மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில், சிகாகோ நகர மையத்துக்கு வடக்கே சுமார் 19 கிலோமீட்டரில் இருக்கிறது அந்த ஊர். கிழக்கு நோக்கி நடந்துகொண்டே இருந்தால் எப்படியும் தண்ணீருக்கு வந்துவிடலாம். வேலை மாறி, அங்கிருந்து டாலஸுக்கு வெளியே வந்து குடியேறியதிலிருந்து எனக்குத் திசை பிடிபடவில்லை. வீடு பெரிது, தோட்டம் பெரிது. ஆனால் ஒரு பாக்கெட் பால் வாங்கவும் காரை எடுக்க வேண்டும். பல தெருக்களில் நடைபாதை பாதியிலேயே நின்றுவிடுகிறது.

எவன்ஸ்டன் நடந்தே போகக்கூடிய ஊராக அமைந்ததற்குக் காரணம் ரயில். 1850களில் சிகாகோவிலிருந்து தண்டவாளம் வந்தது. 1851இல் தொடங்கிய நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே வளர்ந்தது. கார் என்ற ஒன்று வருவதற்கு முன்பே, மக்கள் ரயிலைவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து போகிற தூரத்துக்குள் ஊர் உருவாகிவிட்டது. அதனால்தான் மெயின், டெம்ப்ஸ்டர், டேவிஸ் என்று ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் ஒரு சின்னக் கடைத்தெரு இருக்கிறது. டேவிஸ் தெருவில் 'எல்' எனப்படும் நகர ரயிலின் பர்பிள் லைனும் மெட்ரா புறநகர் ரயிலும் மேட்டுப் பாதையில் அருகருகே ஓடும். அந்த மெட்ரா பாதையில், அமெரிக்க வழக்கத்துக்கு மாறாக, ரயில்கள் நம் ஊரைப் போல இடதுபக்கமாகப் போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காரணமில்லாமல் சந்தோஷம் வரும்.

கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும்கூடக் கார் வேண்டாம். ஹோவர்டில் ரயில் மாறி, லயோலாவில் இறங்கி, 155ஆம் எண் பேருந்தைப் பிடித்தால் இந்தியக் கடைகள் நிறைந்த டெவன் அவென்யூ. திரும்பி வரும்போது அரிசி மூட்டை கனக்கும்தான். ஆனாலும் அந்தப் பயணத்தில் நான் மனிதர்களைப் பார்த்தேன்.

ஆனால் எனக்கு ஏக்கம் வருவது அம்மாவை நினைக்கும்போதுதான். அம்மாவுக்குக் கும்பகோணம். காவிரிக்கரையிலும் கோயில் பிரகாரத்திலும் நடந்தே வளர்ந்தவர். அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோரின் கதை எல்லோருக்கும் தெரியும். காலையில் மகனும் மருமகளும் இரண்டு காரில் கிளம்பிவிடுவார்கள். அதன்பிறகு மாலைவரை ஜன்னலும் தொலைக்காட்சியும்தான் துணை. எவன்ஸ்டனில் அம்மாவுக்கு அது நேரவில்லை. வந்த மறுநாளே காலில் ஷூவை மாட்டிக்கொண்டு, டெம்ப்ஸ்டர் தெருவைப் பிடித்துத் தனியாக ஏரிக்குப் போய்விட்டார்.

"ஏண்டா, கண்ணுக்கு எட்டுன வரைக்கும் தண்ணி. உப்பு வாசனையே இல்லையேடா!" என்றார் திரும்பி வந்து. அந்தத் தண்ணீரைத்தான் வீட்டில் குடிக்கிறோம் என்றேன். அவரால் நம்ப முடியவில்லை. ஏரியின் பரப்பு சுமார் 58,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவு என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதுக்கு ஒரு பொங்கல் வைக்கணும்" என்றார்.

தினமும் போனார். மே மாதத்தில் ஊருக்குள் வெயில் அடித்தாலும் கரையில் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது என்பதை அவரே கண்டுபிடித்தார். நாய்களோடு வருபவர்கள் அவருக்குப் பழக்கமானார்கள். ஆங்கிலம் தடையாக இருக்கவில்லை. தெற்கே டெம்ப்ஸ்டரிலிருந்து வடக்கே பல்கலைக்கழகம்வரை கரையோரம் பெரும்பாலும் பொதுப் பூங்காதான். யாருடைய அனுமதியும் இல்லாமல் எங்கும் உட்காரலாம்.

கரையோரமுள்ள குரோஸ் பாயின்ட் கலங்கரை விளக்கத்தின் கதையை ஒருநாள் சொன்னேன். 1860இல் லேடி எல்ஜின் என்ற நீராவிக் கப்பல் இரவில் மோதி மூழ்கியது. சுமார் 300 பேர் இறந்தார்கள். எட்வர்ட் ஸ்பென்சர் என்ற மாணவர் திரும்பத் திரும்ப அலைக்குள் நீந்திப்போய்ப் பதினேழு பேரைக் கரைசேர்த்தார். அந்தக் கலங்கரை விளக்கம் எழுந்தது அதற்குப் பிறகு, 1873இல். அதன்பிறகு அம்மா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "அந்தப் புள்ளை நல்லா இருக்கணும்" என்பார், அவர் இன்னும் உயிரோடு இருப்பதுபோல.

பர்பிள் லைனின் கடைசி நிலையம் லிண்டன். இறங்கினால் சில நிமிட நடையில் வில்மெட்டின் பஹாய் கோயில். 1953இல் திறந்தது. ஒன்பது பக்கம், ஒன்பது வாசல், வெள்ளைச் சரிகை நெய்ததுபோல் குவிமாடம். உள்ளே விக்கிரகம் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தோட்டத்தைச் சுற்றி மூன்று பிரதட்சிணம் வந்தார். பிறகு உள்ளே போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தார். அடுத்த வாரம் நானில்லாமல் தானே ரயிலேறிப் போய்வந்தார். எழுபதைத் தாண்டியவர், கண்டம் மாறிவந்து, தன் மனம்போல் ஒரு கோயிலுக்குப் போய்த் திரும்ப முடிந்தது. ஓர் ஊருக்கு இதைவிடப் பெரிய பெருமை எனக்குத் தோன்றவில்லை.

ஊர் குறையில்லாதது அல்ல. ஏரியோர வீடுகள் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத விலை. மேற்கே ஐந்தாம் வார்டில் கறுப்பின மக்கள் ஒதுக்கி வைக்கப்பட்டார்கள். அவர்களுக்கு வீட்டுக்கடன் மறுக்கப்பட்டது. 1919 முதல் 1969 வரை அங்கே வாழ்ந்து அந்தப் பாகுபாட்டுக்கு ஆளானவர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் வீட்டுக்காக 25,000 டாலர் இழப்பீடு தர 2021இல் நகர மன்றம் முடிவெடுத்தது. கரைக்கு நடந்துபோகும் சுகம் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைத்ததில்லை என்பதை ஊரே ஒப்புக்கொண்டது. அதனாலும் எனக்கு அந்த ஊர்மேல் மரியாதை.

ஏரியும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2013 ஜனவரியில் நீர்மட்டம் பதிவுகளிலேயே மிகத் தாழ்ந்தது. 2020இல் ஏறிவந்து கடற்கரை போன்ற மணல்திட்டுகளை விழுங்கியது. குளிர்காலத்தில் கரையோரம் பனிக்கட்டி மேடுமேடாகக் குவிந்துவிடும். அப்போது தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அந்தக் குளிரையும்கூட இப்போது நான் விரும்பி நினைக்கிறேன்.

நான் டாலஸ் வந்தபிறகு அம்மா ஒருமுறை வந்தார். வீட்டின் முன் நின்று தெருவின் இரு பக்கமும் பார்த்தார். "நடந்துபோனா என்னடா வரும்?" என்று கேட்டார். இன்னொரு வீடு வரும், அப்புறம் இன்னொரு வீடு, அதற்கப்பால் நெடுஞ்சாலை என்றேன். திரும்புவதற்கான டிக்கெட் தேதியை அவரே முன்னால் மாற்றச் சொன்னார்.

சென்ற வாரம் போனில் கோடைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டேன். "அங்க வந்து ஜன்னலையே பார்த்துக்கிட்டு உக்காரணுமா? அந்த ஏரி ஊருக்குத் திரும்பிப் போறதா இருந்தா சொல்லு, அடுத்த வாரமே கிளம்பி வர்றேன்" என்றார். மெயின் தெரு நிலையத்தைச் சுற்றி என்ன வாடகைக்குக் கிடைக்கிறது என்று நேற்றிரவும் தேடிக்கொண்டிருந்தேன்.