அசையாமல் இருக்கக் கற்ற மருத்துவர்

நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஜொகூரில் குப்புசாமி என்னும் தமிழ் மருத்துவர் ஒருவர் பணியாற்றினார். கோரைப்பாய்க்குப் பெயர்பெற்ற பத்தமடையில் 1887இல் பிறந்தவர். 1913இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். முதலில் சிரம்பான் வட்டாரத்தில் இரப்பர்த் தோட்ட மருத்துவமனை ஒன்றைக் கவனித்தார். பின்னரே ஜொகூருக்கு வந்தார். நல்ல வருமானம், உட்கார நேரமில்லாத வேலை. ஏழைகளிடம் கட்டணம் வாங்க மறுத்ததும் உண்டு. 1923இல் அனைத்தையும் விட்டுவிட்டு இந்தியா திரும்பினார். மறு ஆண்டு ரிஷிகேசத்தில் துறவு பூண்டு, சுவாமி சிவானந்தர் ஆனார்.

ஓடியாடி உழைத்த அவர், அங்கே அசையாமல் உட்காரப் பழகினார். பிறருக்கும் அதையே கற்பித்தார். கேட்பதற்கு எளிதுதான், செய்து பார்த்தால் தெரியும்! முதுகும் கழுத்தும் தலையும் நேராக இருக்கச் சம்மணமிட்டு அமருங்கள். சில நிமிடங்களில் மூக்கு நுனி அரிக்கும், கால் மரத்துப்போகும், காதருகே கொசு பாடும். கை தானாகவே எழும். உடல் அசையும் ஒவ்வொரு முறையும் மனமும் அதன் பின்னே போய்விடுகிறது. அதனால்தான் பதஞ்சலி முனிவர் வகுத்த எட்டு உறுப்புகளில் ஆசனம் மூன்றாவதாகவும் தியானம் ஏழாவதாகவும் அமைந்தன. ஆசனம் என்றால் உடலை வளைத்துக் காட்டும் வித்தை என்று இன்று பலர் எண்ணுகின்றனர். பதஞ்சலி கேட்டதோ உறுதியாகவும் சுகமாகவும் அமரும் இருக்கையைத்தான். அரை மணி நேரத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். மூன்று மணி நேரம் உடல் ஆடாமல் இருந்தால் ஆசனத்தை வென்றதாகக் கொள்ளலாம் என்பது சிவானந்தரின் கணக்கு.

உடல் அடங்கினால் மூச்சும் மெல்லத் தணியும். மனம் மட்டும் அவ்வளவு எளிதில் அடங்காது. நேற்றைய சண்டையையும் நாளைய தேர்வையும் எடுத்து விரித்துவிடும். அந்த எண்ணங்களை வலிந்து விரட்டாதீர்கள், விரட்டினால் இன்னும் வேகமாகத் திரும்பி வரும் என்று சிவானந்தர் எச்சரித்தார். நோயாளிகளைப் பார்த்துப் பழகியவரின் பொறுமை இதில் தெரிகிறது. எண்ணங்களோடு மல்லுக்கட்டவும் வேண்டாம், அவற்றின் பின்னால் போகவும் வேண்டாம். எடுத்துக்கொண்ட மந்திரத்திற்கோ உருவத்திற்கோ மனத்தை மீண்டும் அழைத்து வந்தால் போதும். நூறு முறை ஓடினால், நூறு முறையும்தான்.

இப்படிக் கண்மூடி அமர்ந்தவர் மற்றவர்களின் துன்பத்தை மறந்துவிட்டாரா? ஊதியத்தைத் துறந்தவர் மருத்துவத்தைத் துறக்கவில்லை. 1927இல், முன்பு சேமித்திருந்த காப்பீட்டுப் பணம் கைக்கு வந்தது. அதைக் கொண்டு, கங்கைக் கரையிலுள்ள லட்சுமண்ஜூலாவில் ஓர் இலவச மருந்தகத்தைத் திறந்தார்.