அதுவும் மருந்துதான்



சென்ற நோன்புக்கு முன் என் மாமிக்குப் பல் பிடுங்கினார்கள். இரவாகியும் இரத்தம் நிற்கவில்லை. திரும்பவும் கூட்டிச் சென்றோம். “என்னென்ன குளிசை பாவிக்கிறீங்க?” என்று டொக்டர் கேட்டார். இருதயத்துக்கு எடுக்கும் அஸ்பிரினைச் சொன்னோம். “வேறு?” என்றார். மாமி தயங்கினார். “சின்ன மகன் கட்டாரிலிருந்து அனுப்பின வெள்ளைப்பூட்டுக் கெப்சியூல். அது மருந்தில்லையே!”

மருந்துதான், சகோதரிகளே. இரத்தம் உறைய உதவும் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதை வெள்ளைப்பூடு குறைக்கக்கூடியது. அஸ்பிரினின் வேலையும் அதுவே. இரண்டும் சேர்ந்தால் இரத்தம் கசியும் அபாயம் கூடலாம். வாபரின் பாவிப்போரும், மூட்டுவலிக்குக் கடையில் இபுபுறூபன் வாங்குவோரும் இதைக் கவனிக்க வேண்டும்.

கறியில் போடும் நாலைந்து பல்லுக்குப் பயப்படத் தேவையில்லை. செறிவாக்கிய கெப்சியூலை நாள்தோறும் எடுப்பதுதான் வேறு கதை. சத்திரசிகிச்சைக்குக் குறைந்தது 7 நாட்களுக்கு முன்பே அதை நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் டொக்டர் தந்த குளிசையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது கிளினிக் போகும்போது மாமியின் பையில் அந்தப் போத்தலும் போகிறது. உங்கள் வீட்டு அலுமாரியையும் ஒருமுறை திறந்து பாருங்களேன்.