ஜாம் பாட்டில் தலைப்பிரட்டைகள்



மூன்று நாளாகச் சாத்தாங்காட்டில் மழை. நேற்று இரவு கரண்ட் போய்விட்டது. கன்டெய்னர் லாரிச் சத்தம் சற்று அடங்கியபோது, பக்கத்துக் காலி மனையில் ஒரே ஒரு தவளை கத்தியது. பதில் குரல் இல்லை. "அது யாரைத் தாத்தா கூப்பிடுது?" என்றாள் பேத்தி. "பெண் தவளையை. ஆண்தான் இப்படிக் கத்தும்" என்றேன்.

உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அப்போது இங்கே மழை விட்டதும் குட்டைகளில் மஞ்சள் மஞ்சளாய்ப் பெரிய தவளைகள் மிதக்கும். கத்தும்போது தொண்டையின் இருபுறமும் நீலப் பை உப்பும். ஐந்தாம் வகுப்பில் இரண்டு பையன்கள் ஜாம் பாட்டிலில் தலைப்பிரட்டை பிடித்து வந்தார்கள். கால் முளைப்பதை எல்லாரும் பார்க்கட்டும் என்று, கலங்கிய குட்டைத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் காலை எல்லாம் செத்து மிதந்தன. "ஏன் சார் செத்துச்சு?" என்று ஒரு பெண் கேட்டாள். "அதுக்கு ஆயுசு அவ்வளவுதாம்மா" என்றேன்.

அது பொய். கொன்றது குழாய்த் தண்ணீரில் இருந்த குளோரின். அதன் செவுளை அது அரித்துவிடும். அந்தத் தண்ணீரை ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருந்தாலே குளோரின் பெரும்பாலும் போயிருக்கும். எனக்கு அன்று தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. வாத்தியார் அல்லவா!

வளர்ந்த தவளைக்கும் இதே கதிதான். அது வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சும். நுரையீரல் இருந்தாலும் ஈரத்தோல் வழியாகவும் மூச்சுவிடும். மீன் வழி வந்த உயிர்கள் கரையேறத் தொடங்கிச் சுமார் 37 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் பெரும்பாலான தவளைகள் முட்டையிடத் தண்ணீருக்கே போகின்றன, முட்டைக்கு ஓடு இல்லையே. தண்ணீரில் எது கலந்தாலும் நேரே உடம்புக்குள் போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் கழிமுகம் வரை பரவியபோது, படகையும் வலையையும் கூழைக்கடாவையும் பார்த்துப் பதறினோம். தவளையை நானும் நினைக்கவில்லை.

ஒரு காலத்தில் நம் நாட்டிலிருந்து தவளைக்கால் கப்பலேறியது. 1987-ல் அதைத் தடை செய்தார்கள். பிடிப்பதைச் சட்டம் தடுக்கும், சரி. குட்டையை மூடுவதை?

அன்று கேள்வி கேட்ட பிள்ளை இதைப் படித்தால் கீழே ஒரு வரி போடும்மா. பதில் ரொம்பத் தாமதம்.

அந்தக் காலி மனையில் தை மாதம் மண் கொட்டி வேலை ஆரம்பிக்கிறார்களாம். பேத்தியிடம் இன்னும் சொல்லவில்லை.